இருபது பர்சன்ட் கையில இருந்தா போதும்னு நினைச்சு நான் மாட்டிக்கிட்ட கதை

போன வாரம் என் கொழுந்தன் போன் பண்ணாப்ல. "மதினி, ஓஎம்ஆர்ல ஒரு ஃப்ளாட் பார்த்திருக்கேன், ஒண்ணு முப்பது சொல்றாங்க, என்கிட்ட இருபத்தாறு இருக்கு, கரெக்டா இருபது பர்சன்ட் வருது, புக் பண்ணிரட்டுமா?"ன்னு ஒரே மூச்சுல கேட்டாப்ல. ஓஎம்ஆர்னா சென்னைல பழைய மகாபலிபுரம் ரோடு, ஒண்ணு முப்பதுன்னா ஒரு கோடியே முப்பது லட்சம். நான் கேட்ட முதல் கேள்வி, "டோக்கன் அட்வான்ஸ் எதுவும் கொடுத்துட்டியா தம்பி?" இல்லைன்னாப்ல. அப்பாடான்னு இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை மதியம் சாப்பிட வா, பேப்பர் பேனா எடுத்து வைக்கிறேன்னு சொல்லி வச்சேன். ஏன்னா வீட்டு விலையில இருபது பர்சன்ட் நம்ம கையில இருந்தா போதும், மிச்சத்தை பேங்க் லோனா கொடுத்துரும்ங்கிற இதே கணக்கை நம்பித்தான் ரெண்டு வருஷம் முன்னாடி நானும் என் வீட்டுக்காரரும் போய் நின்னோம், அந்தக் கதையை எழுதி வச்சா இன்னும் நாலு பேருக்கு ஆகுமேன்னுதான் இது.

நாங்க வேளச்சேரில 22,000 வாடகையில இருந்தோம். முதல்ல போட்ட பட்ஜெட் எழுபது லட்சம், ஊரப்பாக்கம் பக்கம். எழுபதுக்கு இருபது பர்சன்ட் பதினாலு லட்சம், பத்திரச் செலவு ஒரு அஞ்சு, மொத்தம் பத்தொன்பது, ஆறு வருஷமா சேர்த்த எஃப்டி கணக்குல சரியா அவ்வளவு இருந்துச்சு. தனியா மியூச்சுவல் ஃபண்ட்ல ஆறரை லட்சம். அதை மட்டும் வாங்கியிருந்தா இந்தப் பதிவே கிடையாது.

அப்புறம்தான் ஆசை வந்துச்சு. பாப்பா ஸ்கூல், என் ஆபீஸ், மாமியாருக்கு ஒரு ரூம், எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா மடிப்பாக்கம்தான் சரின்னு தோணுச்சு. அங்கேயும் தெருவுக்குத் தெரு விலை வேற. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் மழை ஓஞ்சு ரெண்டு மாசம்தான் ஆகியிருந்துச்சு, அதனால ஒவ்வொரு வீட்டையும் பார்த்துட்டு வெளிய வந்ததும் நான் நேரா தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர்கிட்டதான் போவேன், "அண்ணே, தண்ணி எவ்வளவு வந்துச்சு?" பில்டர் ஆபீஸ்ல கேட்டா தண்ணியே வராதும்பாங்க, இஸ்திரிக்காரர் முழங்கால்ல கையை வச்சுக் காட்டுவார். ஒரு தெருவுல மட்டும் அவர் வண்டிச் சக்கரத்தைக் காட்டி, பாதிச் சக்கரம்தான்மா, ஒரே நாள்ல வடிஞ்சிருச்சுன்னார். அந்தத் தெருவுல சதுரடிக்கு ஐநூறு ரூபா கூட. தண்ணி நிக்காத தெருவுக்குக் காசு கொடுக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம். 1,200 சதுரடி, சதுரடி 8,000, அதாவது 96 லட்சம். கட்டி முடிச்சு கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட் வாங்கின பில்டிங், அதனால ஜிஎஸ்டி இல்ல. இதுவே கட்டிக்கிட்டு இருக்கிற பில்டிங்னா 5% ஜிஎஸ்டி தனியா.

96 லட்சம்னு சொன்னது வாய்ல மட்டும்தான். கொட்டேஷன் ஷீட்டைக் கையில கொடுத்தப்ப அதுக்குக் கீழ கார் பார்க்கிங் மூணரை லட்சம், ஈபி கனெக்‌ஷன், மெட்ரோ வாட்டர், டிரைனேஜ் அது இதுன்னு மூணரை லட்சம், கார்ப்பஸ் ஃபண்டும் (பில்டிங்கோட பெரிய செலவுக்குன்னு சேர்த்து வைக்கிற பொதுப் பணம்) ரெண்டு வருஷ மெயின்டனன்ஸும் சேர்த்து ரெண்டு லட்சம்னு வரிசையா இருந்துச்சு. ஆக 1 கோடியே 5 லட்சம். சரி, நூத்தஞ்சுல இருபது பர்சன்ட் இருபத்தொண்ணு, நம்மகிட்ட இருபத்தஞ்சரை இருக்கே, பேங்க் எண்பத்திநாலு கொடுத்தா பத்திரச் செலவுக்குக் கூட லோன்லயே கொஞ்சம் கிடைக்கும்னு நான் மனசுக்குள்ள கணக்குப் போட்டு பிப்ரவரி கடைசியில ஒரு லட்சம் டோக்கனும் கொடுத்துட்டேன். (அக்கவுன்ட் டிரான்ஸ்ஃபர்லதான், ரசீதோட. நிலம், வீடு விஷயத்துல 20,000மோ அதுக்கு மேலயோ கேஷா கைமாறினா அந்தப் பணத்தை வாங்கினவங்களுக்கு அதே தொகை அபராதமா வரும், அதனால கேஷ்ல கேக்கிறவங்க யாரா இருந்தாலும் ஒரு அடி தள்ளி நில்லுங்க.)

பேங்க்ல எங்க ஃபைலைப் பார்த்த மேனேஜர் ரொம்ப நிதானமான ஆளு. அப்ளிகேஷனோட பின்பக்கத்துல பென்சிலால மூணு கோடு போட்டார். லோன் தொகை முப்பது லட்சம் வரைக்கும்னா வீட்டு மதிப்புல 90% வரை கொடுக்கலாம், முப்பதுக்கு மேல எழுபத்தஞ்சு லட்சம் வரைக்கும் 80%, எழுபத்தஞ்சைத் தாண்டினா 75% தான். இது ரிசர்வ் பேங்க் போட்ட உச்சவரம்பு மேடம், எந்த பேங்க் போனாலும் இதுக்கு மேல கிடையாது, குறைச்சு வேணா கொடுப்பாங்கன்னார். அதோட, வீட்டு மதிப்புன்னு பேங்க் எடுத்துக்கிறது பத்திரத்துல ஏறுற தொகையைத்தான், கூடவே அவங்க வேல்யூவர் வந்து பார்த்துட்டு ஒரு மதிப்பு கொடுப்பார், ரெண்டுல எது குறைவோ அது. ஸ்டாம்ப் டியூட்டி, பதிவுக் கட்டணம் எல்லாம் அந்த மதிப்புல சேராது. எங்க விஷயத்துல பத்திரத்துல ஏறினது ஃப்ளாட்டும் கார் பார்க்கிங்கும் மட்டும், 99.5 லட்சம். ஈபி, தண்ணி, கார்ப்பஸ் எல்லாத்தையும் பேங்க் கண்ணெடுத்தே பார்க்கல.

"உங்களுக்கு மேக்ஸிமம் எழுபத்தஞ்சு லட்சம் மேடம்."

நான் எதிர்பார்த்தது எண்பத்திநாலு. ஒன்பது லட்சம் அந்த ஒரு வரியில போயிருச்சு.

இதுல இன்னொரு நுணுக்கம் இருக்கு, அன்னைக்கு ராத்திரி நானே நோட்டுல போட்டுப் பார்த்தப்பதான் புரிஞ்சுச்சு. 75 லட்சம் லோன், 80%ன்னா, வீட்டு மதிப்பு 93.75 லட்சம். அதே 75 லட்சம், 75%ன்னா, வீட்டு மதிப்பு ஒரு கோடி. அப்ப 93.75 லட்சத்துல இருந்து ஒரு கோடி வரைக்கும் வீடு எவ்வளவு விலை ஏறினாலும் லோன் அதே எழுபத்தஞ்சுலயே நிக்கும், ஏறுற ஒவ்வொரு ரூபாயும் முழுசா நம்ம கையில இருந்துதான் போகணும். 93.75க்கு நம்ம பங்கு 18.75 லட்சம், ஒரு கோடிக்கு 25 லட்சம். விலை ஏறினது ஆறேகால் லட்சம், நம்ம பங்கு ஏறினதும் அதே ஆறேகால் லட்சம்! நாங்க போய் நின்னது சரியா அந்தக் குழிக்குள்ள, 99.5ல. கார் பார்க்கிங் மூணரை லட்சம்தானே, லோன்ல போயிரும்னு நினைச்சேன் பாருங்க, அது முழுக்க முழுக்க எங்க பாக்கெட்டு. சேல்ஸ்ல இருக்கிற யாரும் இதைச் சொல்லல. அவங்களுக்கே தெரியாதோ என்னமோ.

அப்ப கணக்கு இப்படி வந்துச்சு. 105ல 75 போக 30 லட்சம். புது ஃப்ளாட்டுக்கு தமிழ்நாட்டுல 2023 டிசம்பர்ல இருந்து நிலமும் கட்டடமும் சேர்த்து ஒரே மதிப்புல பதியணும், அம்பது லட்சத்துக்குள்ளன்னா ஸ்டாம்ப் டியூட்டியும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 6%, அம்பது லட்சத்துல இருந்து மூணு கோடி வரை 7%, அதுக்கு மேல 9%. எங்களுக்கு 7%, அதாவது கிட்டத்தட்ட ஏழு லட்சம். யாரோ குடியிருந்து விக்கிற பழைய ஃப்ளாட்டை வாங்கினா இந்தச் சலுகை கிடையாது, 7ம் 2ம் சேர்ந்து 9% தான், இதை நிறைய பேர் மறந்துடுறாங்க. அப்புறம் பேங்க்குக்கு எம்ஓடி பதிவு (பத்திரத்தை அடமானமா ஒப்படைக்கிறதைப் பதியிறது), ப்ராசஸிங் ஃபீஸ், வக்கீல் ஒப்பீனியன், வேல்யூவர், பத்திரம் எழுதினவர், ஈபி பேர் மாத்தம்னு சில்லறையா ஒரு லட்சம். மொத்தம் 38 லட்சம். நூத்தஞ்சுக்கு 36 பர்சன்ட் சொச்சம். வீட்டுக்குள்ள ஒரு ஃபேன் கூட மாட்டாம.

கையில 25.5. வேணும்ங்கிறது 38. துண்டு விழுந்தது பன்னெண்டரை லட்சம்.

இந்த இடத்துலதான் ஆளாளுக்கு ஒரு வழி சொல்ல ஆரம்பிச்சாங்க. சேல்ஸ்ல இருந்த பையன், "பத்து லட்சம் பர்சனல் லோன் போட்டுக்கங்க மேடம், ஹோம் லோன் சாங்‌ஷனுக்கு முன்னாடி போட்டா சிபில்ல ஏறாது"ன்னான். சுத்தப் பொய், நம்ம கடனையெல்லாம் பதிஞ்சு வைக்கிற சிபில்ல ஏறும், ஏறினா அந்த இஎம்ஐயைக் கழிச்சுட்டுத்தான் ஹோம் லோன் எவ்வளவுன்னே பார்ப்பாங்க. என் வீட்டுக்காரருக்குக் கார் லோன் 11,000 போயிட்டு இருந்ததுக்கே மேனேஜர் முகத்தைச் சுளிச்சார். இன்னொருத்தர் அக்ரிமென்ட் மதிப்பைக் கொஞ்சம் ஏத்திப் போட்டா லோன் கூட கிடைக்கும்னார். ஏத்திப் போட்டா ஸ்டாம்ப் டியூட்டியும் ஏறும், வேல்யூவர் ஒத்துக்கணும், எல்லாத்துக்கும் மேல அது பேங்க்கை ஏமாத்துற வேலை. வேண்டாம்னுட்டோம்.

அதே நேரத்துல பக்கத்துத் தெருவுல ஒரு பழைய ஃப்ளாட் தொண்ணூறு லட்சத்துக்கு வந்துச்சு, ஆசையா போய்ப் பார்த்தோம். ஓனர் பத்திரத்துல அறுபதுதான் போடுவேன், மிச்சம் முப்பது கையில கொடுங்கன்னார். அறுபதுக்கு 80% நாப்பத்தெட்டு லட்சம்தான் லோன். தொண்ணூறு லட்சம் வீட்டுக்கு நாப்பத்திரெண்டு லட்சம் கையில வேணும், அதுல முப்பது கணக்குல வராத கேஷ். நாங்க ரெண்டு பேருமே சம்பளக்காரங்க, எங்களுக்கு எங்க இருந்து கறுப்புப் பணம்? காபி மட்டும் குடிச்சுட்டு வந்தோம்.

பணம் புரட்டின கதை தனிக் கதை. பிஎஃப்ல இருந்து ரெண்டு பேருக்கும் சேர்த்து ஆறு லட்சம் எடுக்கலாம்னு முடிவு. எனக்குப் பத்து நாள்ல வந்துருச்சு. அவருக்கு ஆதார்ல அப்பா பேர் முழுசா இருக்கு, பிஎஃப்ல வெறும் இனிஷியல், க்ளெய்ம் ரிஜெக்ட் ஆயிருச்சு. பழைய கம்பெனியைப் பிடிச்சு, லெட்டர் வாங்கி, பேரைத் திருத்தி, மறுபடி போட்டு, பணம் வர அஞ்சு வாரம். வீடு வாங்கணும்னு நினைப்பு வந்த அன்னைக்கே பண்ண வேண்டிய முதல் வேலை இந்தப் பேர் திருத்தம்தான், காசு செலவில்ல, அலைச்சல்தான்.

மியூச்சுவல் ஃபண்ட் கதை இன்னும் மோசம். மார்ச்லயே வித்து எஃப்டில போட்டுருங்கன்னு எங்க அண்ணன் சொன்னார். மார்க்கெட் ஏறிக்கிட்டே இருக்கே, எலக்‌ஷன் ரிசல்ட் வரட்டும், இன்னும் ஏறும்னு நான்தான் பிடிவாதம் பிடிச்சேன். பில்டர் கொடுத்த கெடுப்படி பணம் கட்ட வேண்டிய வாரமும் ஜூன் முதல் வாரமும் ஒண்ணா வந்து மாட்டிக்கிச்சு. 2024 ஜூன் 4, ரிசல்ட் வந்த நாள், எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், ஷேர் மார்க்கெட் குறியீடு நிஃப்டி ஒரே நாள்ல கிட்டத்தட்ட 6% விழுந்துச்சு. நான் காலையில பத்து மணிக்கு விக்கிறதுக்குப் போட்டுட்டு டிவியைப் போட்டேன். அன்னைக்கு என்ஏவிலதான் (ஃபண்டோட அன்னன்னைக்கு யூனிட் விலை) போச்சு, முப்பத்தஞ்சு ஆயிரத்துக்கு மேல அடி. கொடுமை என்னன்னா அந்த வெள்ளிக்கிழமையே மார்க்கெட் பழைய இடத்துக்கு வந்துருச்சு. நாலு நாள் பொறுக்க முடியாத பணத்தை அங்க வச்சதுதான் என் தப்பு, மார்க்கெட்டைக் குறை சொல்லி என்ன ஆகப்போகுது. ஒரு வருஷத்துக்குள்ள கட்ட வேண்டிய பணம்னா எஃப்டி, இல்லன்னா சேவிங்ஸ், அவ்வளவுதான்.

மிச்ச ஆறரைக்கு என் நகை பன்னெண்டு பவுனை பேங்க்ல வச்சு நாலரை லட்சம், மாமியார் அவங்க போஸ்ட் ஆபீஸ் டெபாசிட்டை உடைச்சு ரெண்டு லட்சம். நகையை வித்துரலாமான்னு ஒரு நாள் முழுக்க யோசிச்சேன். அப்ப பவுன் அம்பத்திமூணு, அம்பத்திநாலு ஆயிரம். இன்னைக்கு என்ன விலைன்னு உங்களுக்கே தெரியும். அன்னைக்கு விக்காம விட்டது ஒண்ணுதான் இந்த மொத்தக் கதையிலயும் நான் பண்ண புத்திசாலித்தனம், அதுவும் தெரிஞ்சு பண்ணல, தாலிக்கொடியோட சேர்த்து அம்மா போட்ட வளையல், மனசு வரல.

இன்னொரு விஷயம், எப்ப கையில பணம் வேணும்ங்கிறது. பேங்க் தன்னோட பணத்தைக் கடைசியாத்தான் எடுக்கும். நம்ம பங்கை முழுசா பில்டருக்குக் கட்டி, ரசீதும் அக்கவுன்ட் ஸ்டேட்மென்ட்டும் காட்டினாத்தான் அவங்க செக் ரெடி பண்ணுவாங்க. அம்பது லட்சமோ அதுக்கு மேலயோ உள்ள வீடுன்னா 1% டிடிஎஸ், அதாவது விக்கிறவர் பேர்ல வருமான வரி, பிடிச்சு நாமதான் கட்டணும், அப்ப அதுக்கு 26 க்யூபின்னு ஒரு ஃபார்ம் இருந்துச்சு. இது கூடுதல் செலவில்ல, விலைக்குள்ளயே வர்றதுதான், ஆனா பேங்க் கொடுக்கிற எழுபத்தஞ்சு லட்சத்துக்கும் சேர்த்து அந்த ஒரு பர்சன்ட்டை நாமதான் முன்கூட்டிக் கையில இருந்து கட்டுறோம். எங்களுக்கு 1,05,000. பதிவுக்கு முந்தின நாள் ஸ்டாம்ப் டியூட்டியை ஆன்லைன்ல கட்டும்போது நெட் பேங்கிங் லிமிட் இடிச்சுது, ஒரு நாளைக்கு இவ்வளவுதான்னு, ராத்திரி எட்டு மணிக்கு ஆப்ல போய் லிமிட்டை ஏத்தினா புது லிமிட் இத்தனை மணி நேரம் கழிச்சுத்தான்னு வருது. கடைசியில ரெண்டு பேர் அக்கவுன்ட்லயும் பிரிச்சுக் கட்டினோம். இதையெல்லாம் ஒரு வாரம் முன்னாடியே பார்த்து வச்சுக்கங்க.

இவ்வளவு அவசரம் ஏன்னு கேக்கலாம். ஆடி. ஜூலை நடுவுல ஆடி பிறந்துட்டா எங்க வீட்டுப் பக்கம் யாரும் பத்திரம் பண்ண மாட்டாங்க, ஆனிக்குள்ள முடிங்கன்னு மாமியார், ஆனிக்குள்ள முடிக்கலைன்னா இந்த ரேட் கிடையாதுன்னு பில்டர், ரெண்டு பக்கமும் நெருக்கடி. இப்ப யோசிச்சா ஆவணி வரைக்கும் தள்ளியிருந்தா ரெண்டு மாசச் சம்பளமும் அவருக்கு வர வேண்டிய போனஸும் கைக்கு வந்திருக்கும், பில்டர் ஓடியா போயிருப்பார், அந்த பில்டிங்ல இன்னும் அஞ்சு ஃப்ளாட் விக்காமத்தான் கிடந்துச்சு. ஜூலை முதல் வாரம் சார்பதிவாளர் ஆபீஸ்ல டோக்கன் போட்டு, ஃபோட்டோ, கைரேகை எல்லாம் முடிஞ்சு, பேங்க் ஆள் கொண்டு வந்த செக் என் கண்ணு முன்னாடி ஒரு ஃபைல்ல இருந்து இன்னொரு ஃபைலுக்குப் போச்சு, ஒரிஜினல் பத்திரத்தை அவரே வாங்கிட்டுப் போயிட்டார், எங்களுக்கு ஒரு ஜெராக்ஸ். வெளிய வந்து கரும்பு ஜூஸ் குடிக்கும்போது போன்ல பேலன்ஸ் பார்த்தேன். ரெண்டு அக்கவுன்ட்டும் சேர்த்து 41,000 சொச்சம்.

அதுல பால் காய்ச்சணும், கிச்சன் பண்ணணும், கிரில் கேட், ஃபேன், லைட், கீஸர். இன்டீரியர் ஆளுங்க ஆறு லட்சம் கொட்டேஷன் கொடுத்தாங்க, சிரிச்சுட்டே வாங்கி வச்சுக்கிட்டேன். கிச்சனும் ஒரே ஒரு அலமாரியும் மட்டும் தெரிஞ்ச ஆசாரியை வச்சு ரெண்டே முக்கால் லட்சத்துல, மாசா மாசம் சம்பளம் வர வர கொடுத்து முடிச்சோம். பழைய வீட்டு அட்வான்ஸ் திரும்பி வந்தது அதுக்குத்தான் போச்சு. ரெண்டு மாசம் வாடகையும் இஎம்ஐயும் சேர்ந்து ஓடுச்சு, இதையும் கணக்குல வைக்க மறந்திருந்தேன்.

75 லட்சத்துக்கு எட்டரை பர்சன்ட்ல இருபது வருஷம்னா இஎம்ஐ 65,087. எங்க ரெண்டு பேர் கைக்கு வர்றது அப்ப 1,57,000. நாப்பது பர்சன்ட் கொஞ்சம் கூட, கார் லோனும் நகைக்கடன் வட்டியும் தனி. ரெண்டு சம்பளமும் வர்ற வரைக்கும் இழுத்துப் பிடிச்சு ஓட்டிரலாம். நவம்பர்ல அவர் டீமையே கம்பெனில கலைச்சுட்டாங்க.

ஏழு வாரம் வேலை இல்ல. என் சம்பளம் 62,000, இஎம்ஐ அதை விடக் கூட. அந்த மாசம் 5ஆம் தேதி ஆட்டோ டெபிட்டுக்கு முன்னாடி, நான் பழைய தெருவுல போட்டிருந்த மூணு லட்ச ரூபா ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தேன். அறுபதாயிரம் கழிவு. சீட்டு நடத்துற அக்கா பாவம் முகத்தை வச்சுக்கிட்டே, "அவசரம்னா எல்லாரும் தள்ளத்தான் செய்வாங்க கண்ணு"ன்னு பணத்தை எண்ணிக் கொடுத்தாங்க. அறுபதாயிரம்னா கிட்டத்தட்ட ஒரு மாச இஎம்ஐ, அவசரத்துக்கு நான் கொடுத்த விலை. ஜனவரில அவருக்கு வேலை கிடைச்சுது, முந்தினதை விடச் சம்பளம் கொஞ்சம் குறைவுதான், பரவால்ல.

அந்த ஏழு வாரத்துல நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்த கணக்கு ஒண்ணு இருக்கு. முன்பணம் எவ்வளவு கூடப் போடுறோமோ அவ்வளவு நல்லதுன்னு எல்லாரும் சொல்வாங்க, வட்டியைப் பார்த்தா நிஜம்தான், எட்டரை பர்சன்ட்ல ஒரு லட்சம் கடனுக்கு இருபது வருஷத்துல ரெண்டு லட்சத்து எட்டாயிரம் திருப்பிக் கட்டுறோம். ஆனா ஒரு அஞ்சு லட்சத்தைக் கூடப் போட்டா மாச இஎம்ஐ குறையிறது வெறும் 4,339 ரூபா. அதே அஞ்சு லட்சம் கையில இருந்தா ஏழரை மாச இஎம்ஐ. வீட்டுல போட்ட பணத்தை வேலை போன அன்னைக்குத் திரும்பக் கேட்க முடியாது, கையில வச்ச பணத்தை எப்ப வேணா லோன்ல கட்டிக்கலாம், ஃப்ளோட்டிங் வட்டி (ஏறி இறங்குற வட்டி) ஹோம் லோன்ல தனிநபருக்கு முன்கூட்டிக் கட்டுறதுக்கு அபராதம் கிடையாது. அதனால ஆறு மாச இஎம்ஐயைத் தொடாம எடுத்து வச்சுட்டு மிச்சம்தான் முன்பணம். எங்களுக்கு அது நாலு லட்சம். அது இல்லாம வீடு வாங்கினதுக்குத்தான் அறுபதாயிரம் கட்டினோம்.

வட்டி ஏறும்போதும் இதே கதைதான். ரிசர்வ் பேங்க் மத்த பேங்க்குகளுக்குக் கொடுக்கிற கடனோட வட்டி, அதான் ரெப்போ ரேட், 2022 மே மாசம் 4ல இருந்து ஏற ஆரம்பிச்சு 2023 பிப்ரவரில 6.5ல வந்து நின்னுச்சு. இதே எழுபத்தஞ்சு லட்சத்தை 6.75ல எடுத்திருந்தா இஎம்ஐ 57,000, அதுவே 9.25 ஆனா 68,000க்கு மேல. என் ஆபீஸ்ல ஒருத்தருக்கு இஎம்ஐயை ஏத்தாம வருஷத்தை நீட்டிட்டாங்க, ரிட்டயர் ஆன பிறகும் கட்டுற மாதிரி வருது. எங்களுக்கு நேரம் நல்லா இருந்துச்சு, 2025 ஜூனுக்குள்ள ரெப்போ 5.5க்கு இறங்கிருச்சு, இஎம்ஐயைக் குறைக்காதீங்க, மாசத்தைக் குறைங்கன்னு பேங்க்ல எழுதிக் கொடுத்துட்டோம். நகையும் போன தை மாசம் திரும்ப வந்துருச்சு. மாமியாரோட ரெண்டு லட்சம் இன்னும் பாக்கி, அவங்க கேக்க மாட்டாங்க, அதான் கஷ்டமா இருக்கு.

இப்ப யார் கேட்டாலும் நான் தலைகீழாத்தான் கணக்குப் போடச் சொல்றேன். வீட்டு விலையில இருந்து ஆரம்பிக்காதீங்க, கையில இருக்கிற பணத்துல இருந்து ஆரம்பிங்க. அதுல முதல்ல ஆறு மாச இஎம்ஐயைக் கழிங்க, கிச்சன், ஃபேன், கேட்டுக்கு மூணு லட்சம் கழிங்க, மிச்சம் எவ்வளவோ அதுதான் முன்பணமும் பத்திரச் செலவும் சேர்ந்தது. எழுபது லட்சம் புது வீடுன்னா இருபதும் ஏழும் ஓரிரண்டு சில்லறையுமா முப்பது பர்சன்ட்டுக்குள்ள அடங்கும். ஒரு கோடியைத் தாண்டினா இருபத்தஞ்சு, ஏழு, அப்புறம் பேங்க் கணக்குல எடுக்காத ஐட்டங்கள், முப்பத்தஞ்சு ஆயிரும். அதாவது விலை எழுபதுல இருந்து நூத்தஞ்சு, ஒண்ணரை மடங்கு, ஆனா கையில வேண்டியது பத்தொன்பதுல இருந்து முப்பத்தெட்டு, ரெண்டு மடங்கு. எங்களுக்கு உறைக்காம போனது இதுதான்.

ஞாயித்துக்கிழமை கொழுந்தன் வந்தாப்ல. மீன் குழம்பு முடிஞ்சு, பேப்பரை எடுத்தோம். ஒண்ணு முப்பதுக்கு பேங்க் அதிகபட்சம் தொண்ணூத்தேழரை, அதுவும் முழு விலையும் பத்திரத்துல ஏறினா. அப்ப கையில முப்பத்திரண்டரை. பத்திரம் 7%, ஒன்பது லட்சத்துப் பத்தாயிரம். இன்னும் கட்டிக்கிட்டு இருக்கிற பில்டிங், ஜிஎஸ்டி 5%, ஆறரை லட்சம். கூட்டிப் பார்த்தா நாப்பத்தெட்டு. ஆறு மாச இஎம்ஐ, கிச்சன் எதுவும் இன்னும் சேர்க்கல. "பில்டர் ஒரு வாரத்துல இருபது பர்சன்ட் கட்டச் சொல்றாரு மதினி"ன்னாப்ல. பதிவு பண்ண அக்ரிமென்ட் இல்லாம பத்து பர்சன்ட்டுக்கு மேல வாங்கக் கூடாதுன்னு ரெராங்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்துலயே இருக்கு, அதைக் கேட்டுட்டு அவர் முகம் எப்படி மாறுதுன்னு பாருன்னேன்.

கொஞ்ச நேரம் பேப்பரையே பார்த்துட்டு இருந்தாப்ல. என் வீட்டுக்காரர் நியூஸ் பேப்பருக்குப் பின்னாடி இருந்து, "இருபத்தாறுக்கு எவ்வளவு வீடு வாங்கலாம்னு போடுடா"ன்னார். போட்டோம். ஆறு மாச இஎம்ஐ, கிச்சன் போக பத்தொன்பதரை சொச்சம் நின்னுச்சு, முப்பது பர்சன்ட்டால வகுத்தா அறுபத்தஞ்சு லட்சம் வீடு. இன்னும் ரெண்டு வருஷம் சேர்த்தா எண்பது, எண்பத்தஞ்சுக்குப் போகலாம். சரின்னு பேப்பரை மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டாப்ல. செருப்பு மாட்டும்போது திரும்பி, "மதினி, பெரும்பாக்கம் பக்கம் அந்த மாதிரி இஸ்திரி வண்டிக்காரர் யாரையாவது தெரியுமா?"ன்னு கேட்டாப்ல.